புதுக் கார் வாங்கும்போது டீலரிடம் விலை பேசுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்காக மூன்று தடவை, சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் துணையாகப் பல தடவை என்று ஷோரூம் மேசை முன்னால் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கூட வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகு. அதனால் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. என் பக்கம் ஒன்று தெளிவு: "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்கிறவரைவிட "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எழுதிக் கொடுங்க" என்று கேட்கிறவர்தான் கடைசியில் குறைவாகக் கொடுத்துவிட்டு வருகிறார். கீழே இருக்கும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

கம்பெனியே விலை போட்டுத்தானே அனுப்புகிறது, அப்புறம் பேரம் பேச என்ன இருக்கிறது?

கம்பெனி போடுவது பட்டியல் விலை. காரைக் கம்பெனியிடம் வாங்கி நமக்கு விற்பவர் டீலர். அவர் தனி வியாபாரி, அவருக்கென்று லாபம் இருக்கிறது, அதில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது பெரும்பாலும் அவர் கையில்தான். அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுவரை ஒரே காருக்கு ஒவ்வொரு டீலரும் வாய்க்கு வந்த பட்டியல் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்தால்தான் புதுக் கார் ஒவ்வொன்றின் ஜன்னல் கண்ணாடியிலும் கம்பெனி சொல்லும் விலையை ஒட்டியாக வேண்டும் என்று ஆனது. விலை ஒட்டிய பிறகும் பேரம் நிற்கவில்லை. பேசத் தொடங்குவதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் எண் கிடைத்தது, அவ்வளவுதான்.

பேரமே கிடையாது என்று சொல்லி விற்றவர்களும் இருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் கார்கள் 1990இல் வந்தபோது அதையே பெரிய விஷயமாகச் சொல்லி விற்றார்கள். இப்போது டெஸ்லா டீலர் இல்லாமல் நேரடியாக, எல்லோருக்கும் ஒரே விலையில் விற்கிறது. அப்படி விற்கிற இடத்தில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். மற்ற இடங்களில் தாராளமாகப் பேசலாம், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

டீலருக்கு எங்கிருந்துதான் காசு வருகிறது?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காரில் வரும் லாபம் ஒன்று. நாம் எல்லோரும் அதை மட்டும்தான் பார்க்கிறோம், அதைப் பிடித்துக்கொண்டுதான் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் புதுக் காரில் நிற்கும் லாபம் பல சமயம் சின்னதுதான். கடன் வாங்கிக் கொடுத்தால் வங்கியிலிருந்தோ நிதி நிறுவனத்திலிருந்தோ கமிஷன் வரும், இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தால் அதில் வரும், சீட் கவர், மேட், பாலிஷ், கூடுதல் வாரண்டி இவற்றில் நல்ல லாபம் நிற்கும், நம்முடைய பழைய காரை எடுத்து மறுபடி விற்றால் அது தனி வரும்படி. அப்புறம் நீங்கள் வருடக்கணக்காக சர்வீசுக்கு வருவீர்கள்.

இதற்கு மேல், கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் பணம். இத்தனை கார் விற்றால் இவ்வளவு என்று டார்கெட் வைத்துக் கொடுப்பார்கள். தேங்கிப்போன மாடலைத் தள்ளிவிடுவதற்காகத் தனியாகக் கொடுப்பார்கள். சில கம்பெனிகள் பட்டியல் விலையில் 1 முதல் 3 சதவீதம் வரை பின்னால் திருப்பித் தருவதும் உண்டு. இதெல்லாம் நமக்குக் காட்டும் பில்லில் வராது.

அமெரிக்கக் கார் விற்பனை விவரங்களை வைத்து மேகன் பஸ்ஸேயும் இன்னும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்களும் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி என்று கம்பெனி வெளிப்படையாக அறிவித்தால் அந்தப் பணத்தில் 70 முதல் 90 சதவீதம் வாங்குகிறவர் கைக்குப் போகிறது. அதே மாதிரிப் பணத்தைச் சத்தமில்லாமல் டீலரிடம் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வந்து சேர்வது 30 முதல் 40 சதவீதம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: முதல் தள்ளுபடி இருப்பது நமக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. அதனால் எந்த ஷோரூமிலும் இந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள்: "இந்த மாசம் இந்த மாடலுக்குக் கம்பெனி உங்களுக்கு என்ன ஸ்கீம் கொடுத்திருக்கு?" சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் சொல்லிவிடுவார்கள். எப்படியானாலும் எதிரில் இருப்பவர் விஷயம் தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

சரி, எத்தனை சதவீதம் குறைப்பார்கள்?

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற எண் என்று எதுவும் கிடையாது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய காருக்கு ஒன்றும் குறையாது, யார்டில் நின்று வெயிலில் காயும் காருக்கு நன்றாகவே குறையும். உங்கள் காருக்கு எவ்வளவு குறையும் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அதே காருக்கு மூன்று நான்கு டீலர்களிடம் எழுத்தில் விலை வாங்குவது.

எழுத்தில் விலை வாங்குவதா? நேரில் போனால்தானே குறைப்பார்கள்?

நேரில் வந்தால்தான் நல்ல விலை தர முடியும் என்று அவர்கள் சொல்வார்கள். நேரில் போனால் உங்கள் நேரம், டெஸ்ட் டிரைவ் ஓட்டிய சந்தோஷம், காபி, உபசரிப்பு எல்லாம் அவர்கள் பக்கம் வேலை செய்யும். அதனால் முதல் வேலை வீட்டிலிருந்தே. மாடல், வேரியன்ட், நிறம், கியர் வகை எல்லாம் முடிவு செய்துவிட்டு, ஓட்டிப் பார்ப்பதையும் முன்னாலேயே ஒரு நாள் முடித்துவிட்டு, எல்லா டீலருக்கும் வரிக்கு வரி ஒரே செய்தியை அனுப்புங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இந்த மாடல், இந்த வேரியன்ட், இந்த நிறம் வாங்கப் போகிறேன். இரண்டு வாரத்துக்குள் முடிவு செய்வேன். கார் விலை, வரி, பதிவு, இன்சூரன்ஸ், மற்ற கட்டணங்கள் எல்லாவற்றையும் தனித்தனி வரியாகப் போட்டு, கீழே மொத்தத் தொகையோடு கொட்டேஷன் அனுப்புங்கள். ஆக்சஸரீஸ் எதுவும் வேண்டாம். கார் எந்த மாதம் தயாரானது, எப்போது டெலிவரி கிடைக்கும் என்பதையும் குறிப்பிடுங்கள். இதே செய்தியை மற்ற டீலர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்."

கடைசி வரியைச் சேர்க்கத் தயங்காதீர்கள், விலையைக் குறைக்க வைப்பதே அதுதான். சிலர் பதிலே போட மாட்டார்கள், சிலர் போன் போட்டு "வாங்க சார் பேசிக்கலாம்" என்பார்கள், ஒன்றிரண்டு பேர் ஒழுங்காக அனுப்புவார்கள். அந்த ஒன்றிரண்டு போதும். வந்ததில் குறைந்த மொத்தத்தை எடுத்து, உங்களுக்குப் பிடித்த, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டீலரிடம் காட்டி, "இதைவிடக் குறைவாகத் தர முடியுமா, முடிந்தால் இன்றைக்கே புக்கிங்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இல்லாத கொட்டேஷனை இருப்பதாகச் சொல்லாதீர்கள். டீலர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

முதலில் எண்ணை யார் சொல்ல வேண்டும்?

எழுத்தில் கொட்டேஷன் கையில் இருந்தால் நீங்களே சொல்லலாம், ஏனென்றால் அது வெறும் ஆசை விலை இல்லை, வேறொருவர் தரத் தயாராக இருக்கும் விலை. கொட்டேஷன் இல்லாமல் போயிருந்தால் அவர்களைச் சொல்ல விடுங்கள். "உங்க மனசுல என்ன பட்ஜெட்?" என்று கேட்டால் பிடி கொடுக்காதீர்கள். பட்ஜெட்டைச் சொன்ன நிமிடமே தரையை விட்டுவிட்டுக் கூரையைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் சொன்ன தொகைக்கு ஒட்டி ஒரு வேரியன்ட்டும் நாலு ஆக்சஸரீஸும் தயாராகிவிடும்.

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

"அதை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல காரோட மொத்த விலையைப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்.

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாதத் தவணையை எந்த எண்ணுக்கு வேண்டுமானாலும் கொண்டுவரலாம், கடனின் காலத்தை நீட்டினால் போதும். 1,00,000 கடன், வருட வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 2,125. மொத்த வட்டி சுமார் 27,500. அதையே 7 வருடமாக்கினால் மாதம் சுமார் 1,660தான், கேட்கவே இதமாக இருக்கும். ஆனால் வட்டி சுமார் 39,450 ஆகிவிடும். காரின் விலையில் ஒரு காசு குறையவில்லை, ஆனாலும் மேசைக்கு எதிரில் இருப்பவர் "பாருங்க, மாசம் 465 குறைச்சிட்டேன்" என்று சொல்ல முடிகிறது.

என் தங்கைக்குக் கார் பார்க்கப் போனபோது அந்த சேல்ஸ்மேன் செய்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நாலு கட்டமாக்கினார். கார் விலை, பழைய காருக்குத் தருவது, முன்பணம், மாதத் தவணை. நாங்கள் கார் விலையைக் குறைக்கச் சொன்னால் அதைக் குறைத்து எழுதிவிட்டு, பழைய கார் கட்டத்தில் இருந்த எண்ணையும் பேனாவால் அடித்துவிட்டு வேறு எண் எழுதினார். பழைய காரைப் பற்றிக் கேட்டால் தவணைக் கட்டம் மாறியது. அரை மணி நேரத்தில் அந்தத் தாள் முழுக்க அடித்தல் திருத்தல், கடைசியில் தவணையை மட்டும் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். தங்கை கைப்பேசியில் நாலையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஆரம்பத்தில் சொன்ன மொத்தத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

வட்டி எந்த வகை என்றும் கேளுங்கள். "வெறும் 7 சதவீதம்தான்" என்றால் அது ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்குப் போடும் வட்டியா? 1,00,000 கடனுக்கு 5 வருடம் 7 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 35,000, மாதம் 2,250. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் அசலுக்கே கடைசிவரை வட்டி போடுகிறார்கள். குறையும் அசல் கணக்கில் பார்த்தால் அது சுமார் 12.5 சதவீத வட்டிக்குச் சமம். உங்கள் வங்கி குறையும் அசல் கணக்கில் 11 சதவீதம் என்று சொன்னால் அது இதைவிட மலிவு. எதற்கும் ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் வங்கியில் ஒரு கடன் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டீலர் அதைவிட நல்ல வட்டி கொண்டுவந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

வட்டியில்லாக் கடன் ஒரு பக்கம், ரொக்கத் தள்ளுபடி ஒரு பக்கம். எதை எடுப்பது?

கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். கார் 1,00,000 என்று வைப்போம். வட்டியில்லாமல் 36 மாதம் என்றால் மொத்தம் 1,00,000தான். தள்ளுபடி 10,000 எடுத்துக்கொண்டு மீதி 90,000க்கு வெளியில் 9 சதவீதத்தில் கடன் வாங்கினால் மொத்தம் சுமார் 1,03,030 கட்டுவீர்கள், வட்டியில்லாக் கடன்தான் லாபம். அதே 90,000 உங்களுக்கு 6 சதவீதத்தில் கிடைத்தால் மொத்தம் சுமார் 98,570, அப்போது தள்ளுபடி லாபம். வட்டியில்லை என்ற வார்த்தையில் மயங்காமல் இரண்டு மொத்தத்தையும் எழுதிப் பாருங்கள். செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று போட்டிருந்தால் அதையும் கூட்டுங்கள்.

முழுப் பணமும் கையில் இருக்கிறது. ரொக்கம் என்று முதலிலேயே சொன்னால் சந்தோஷப்பட்டுக் குறைப்பார்கள்தானே?

பெரும்பாலும் இல்லை. கடன் மூலம் வரும் கமிஷன் போய்விட்டதே என்றுதான் நினைப்பார்கள். விலை எழுத்தில் முடிவாகும்வரை பணம் எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்பதைத் திறந்தே வையுங்கள். "இரண்டு வழியும் யோசிக்கிறேன்" என்றால் போதும்.

பழைய காரை எப்போது பேச வேண்டும்?

கடைசியில். புதுக் காரின் மொத்தத் தொகை எழுத்தில் வந்த பிறகுதான். இரண்டையும் சேர்த்துப் பேசினால் ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொள்வார்கள். "எக்ஸ்சேஞ்ச் போனஸ் இவ்வளவு" என்று பெரிதாக அறிவித்துவிட்டுக் காருக்கு அடிமாட்டு விலை போட்டால் போனஸுக்கு என்ன அர்த்தம்? போவதற்கு முன் வெளியில் இரண்டு இடங்களில் பழைய காரைக் காட்டி விலை கேட்டு வையுங்கள். டீலர் தரும் விலையையும் போனஸையும் கூட்டினால் வெளி விலையைவிட அதிகமா என்று மட்டும் பாருங்கள். கொஞ்சம் குறைந்தாலும் அலைச்சல் மிச்சம் என்று டீலரிடமே கொடுப்பதில் தப்பில்லை. எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறோம் என்பது தெரிந்து கொடுங்கள்.

மாசக் கடைசியில் போனால் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மையா?

பல சமயம் உண்மை. டார்கெட் மாதக் கணக்கிலோ மூன்று மாதக் கணக்கிலோ இருக்கும். அதைத் தொட இரண்டு மூன்று கார் குறைகிறது என்றால், தொட்டால் கிடைக்கும் தொகைக்காக உங்கள் காரில் லாபமே இல்லாமல்கூட விற்பார்கள். டார்கெட் ஏற்கெனவே முடிந்திருந்தால் அந்த அவசரம் இருக்காது, அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் கொட்டேஷன் வாங்குவதை மாத நடுவில் தொடங்கிக் கடைசி வாரத்தில் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியும், புது மாடல் வரப்போகிறது என்று செய்தி வந்த நேரமும் இன்னும் நல்லது. யார்டில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் டீலர் கடன் வாங்கி எடுத்தவை, நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஓடுகிறது.

கூட்டம் இல்லாத வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவருக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.

"மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போய்விடுகிறார். உண்மையிலேயே கேட்கிறாரா?

சில சமயம் உண்மையாகவே கேட்கிறார், ஒரு அளவுக்கு மேல் குறைக்க அவருக்கு அதிகாரம் இருக்காது. ஆனால் உங்களை உட்கார வைத்துக் காக்க வைப்பதும் ஒரு வேலைதான். ஒரு மணி நேரம் செலவழித்த பிறகு எழுந்து போக யாருக்கும் மனசு வராது. கேபின் கண்ணாடி வழியாக இரண்டு பேர் தலையை ஆட்டிக்கொண்டு பேசுவதைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டாம். "எனக்கு இன்னொரு இடத்தில் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், மேனேஜரையே இங்கே வரச் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அப்படி உண்மையிலேயே இன்னொரு இடத்துக்கும் நேரம் குறித்துவிட்டுப் போவது நல்லது.

"இந்த விலை இன்னிக்கு மட்டும்தான்" என்பதற்கும் அதேதான். இன்று தர முடிந்த விலையை நாளை மறுநாளும் தர முடியும், ஸ்கீம் முடியும் தேதி நிஜமாக எழுத்தில் இருந்தால் ஒழிய. அப்படி இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு விஷயம். சேல்ஸ்மேன் உங்கள் எதிரி இல்லை. பெரும்பாலும் குறைந்த சம்பளமும் விற்றால் இன்சென்டிவும் வாங்குகிற, தலைக்கு மேல் டார்கெட் தொங்குகிற ஒரு மனிதர். மரியாதையாகப் பேசுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். எண்ணில் உறுதியாக இருங்கள். இப்படிப் பேசுகிறவர்களுக்குத்தான் டெலிவரி தேதியும் மற்ற உதவிகளும் ஒழுங்காக நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கும் முதல் தடவை வாங்குபவர்களுக்கும் விலை ஏற்றிச் சொல்கிறார்களா?

அளந்து பார்த்திருக்கிறார்கள். இயன் ஏயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் 300க்கும் மேற்பட்ட பேரங்களை நடத்த ஆட்களைப் பழக்கி அனுப்பினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, ஒரே மாதிரி பேசி, ஒரே மாதிரி பேரம் செய்தார்கள். 1995இல் வந்த முடிவின்படி வெள்ளையின ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் சொன்ன விலை அதிகம். பேரம் பேசும் திறமையில் வித்தியாசமே இல்லாத இடத்தில் ஆளைப் பார்த்தே விலை மாறியிருக்கிறது, படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

இதற்கு நம் கையில் இருக்கும் மருந்து மறுபடியும் எழுத்தில் கேட்பதுதான். ஒரே செய்தியை நான்கு டீலருக்கு அனுப்பினால் யார் கேட்கிறார் என்பது முகத்தையோ உடையையோ வைத்துத் தெரியாது. யாராவது துணைக்கு வேண்டும் என்றால் கூட்டிப்போங்கள், ஆனால் கார் உங்களுடையது என்றால் பேச்சும் உங்களுடையதாக இருக்கட்டும். சேல்ஸ்மேன் உங்களை விட்டுவிட்டுக் கூட வந்த ஆணைப் பார்த்தே பேசினால், அந்த ஷோரூமை விட்டுவிடுங்கள்.

விலை பேசி முடித்தாச்சு. இனிமேல் ஏமாற வாய்ப்பில்லையே?

இனிமேல்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். என் இரண்டாவது காருக்கு மூன்று வாரம் அலைந்து நல்ல விலை பேசினேன். கையெழுத்துப் போடும் நாளில் வேறொரு அறையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், அவர் நீட்டிய தாளில் மொத்தம் கூடியிருந்தது. கீழே மூன்று வரிகள் புதிதாக முளைத்திருந்தன: பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, ஒரு ஆக்சஸரீஸ் பேக்கேஜ், அப்புறம் கையாளும் கட்டணம் என்று ஒன்று. "எல்லாருக்கும் போடறதுதான் சார்" என்றார். கைப்பேசியில் இருந்த பழைய கொட்டேஷனைத் திறந்து மேசை மேல் வைத்தேன். எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூன்று வரியையும் அடித்துவிட்டுப் புது தாள் எடுத்து வந்தார். அந்த கொட்டேஷன் மட்டும் கையில் இல்லாவிட்டால் நான் என்ன சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

ஒவ்வொன்றாக: பூச்சு, அடிப்பக்கக் கோட்டிங் போன்றவை வேண்டுமென்றால் வெளியில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், புதுக் காரின் பெயின்ட் கம்பெனியிலேயே பாதுகாப்போடுதான் வருகிறது. இன்சூரன்ஸை டீலரிடம்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், வெளியில் அதே அம்சங்களுக்கு என்ன பிரீமியம் என்று கேட்டுக் காட்டுங்கள், பெரும்பாலும் அங்கேயே இறங்கி வருவார்கள். கூடுதல் வாரண்டி சிலருக்குப் பயன்படும், நீண்ட காலம் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமாக; ஆனால் அதையும் பேரம் பேசலாம், அன்றைக்கே வாங்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் இல்லை. அரசுக்குப் போகும் வரியும் பதிவுக் கட்டணமும் மட்டும்தான் பேச முடியாதவை. அவற்றுக்கு ரசீது கேளுங்கள். பெயர் புரியாத எந்தக் கட்டணத்துக்கும் "இது எதுக்கு, யாருக்குப் போகுது?" என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் அடிக்கச் சொல்லுங்கள்.

"தள்ளுபடி முடியாது, பதிலுக்கு இவ்வளவு மதிப்புள்ள ஆக்சஸரீஸ் இலவசம்" என்பார்கள். அந்த மதிப்பு அவர்கள் போடும் மதிப்பு. பணமாகவே குறைக்கச் சொல்லுங்கள்.

போன வருடத் தயாரிப்பு, அல்லது டெமோ கார் வாங்கலாமா?

நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். பிரச்சினை அது போன வருடக் கார் என்று சொல்லாமல் புது விலைக்குத் தலையில் கட்டுவதுதான். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் தயாரிப்பு வருடத்தைத்தான் பார்ப்பார். டெமோ கார் என்றால் ஏற்கெனவே யார் பெயரிலாவது பதிவாகியிருக்கிறதா, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். நூறு பேர் ஓட்டிப் பார்த்த கார் அது, புதுக் கார் விலையில் சின்னதாகக் கிள்ளிக் கொடுத்தால் போதாது.

"இந்தக் காருக்கு ரொம்ப டிமாண்ட், கூடக் கொடுத்தால் சீக்கிரம் தரோம்" என்கிறார்கள்.

காத்திருங்கள், அல்லது வேறு ஊர் டீலரைக் கேளுங்கள், அல்லது வேறு கார் பாருங்கள். பட்டியல் விலைக்கு மேல் கொடுத்தால் வாங்கிய அன்றைக்கே நஷ்டம்.

குடும்பத்தோடு போகலாமா?

ஓட்டிப் பார்க்கக் கட்டாயம் எல்லோரையும் கூட்டிப்போங்கள், பின்சீட்டில் உட்காரப் போகிறவர்கள் அவர்கள்தான். விலை பேசும் நாளில் வேண்டாம். குழந்தை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது யாராலும் எழுந்து வர முடியாது. பெரியவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை: அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்ட கார் விற்பனைகளை ஆராய்ந்து 2015இல் வந்த ஆய்வு, வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் கூரை திறக்கும் கார்களும், பனி விழுந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களும் அதிகம் விற்கின்றன என்று கண்டது. எட்டு பத்து வருடம் வைத்திருக்கப் போகும் காரை அன்றைய வானத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். எந்த மாடல் என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யச் சொல்வது அதனால்தான்.

புக்கிங்குக்கு முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

முடிந்த அளவு குறைவாக. ரசீதில் மாடல், வேரியன்ட், நிறம், பேசிய மொத்தத் தொகை, டெலிவரி தேதி, புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். டெலிவரிக்கு முன் கம்பெனி விலையை ஏற்றினால் யார் தலையில் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை சொன்ன சேல்ஸ்மேன் அடுத்த மாதம் வேறு ஷோரூமில் இருப்பார்.

டெலிவரி எடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன், காரைப் பதிவு செய்வதற்கும் முன், பகல் வெளிச்சத்தில் காரைப் பாருங்கள். சாயங்காலம் ஷோரூம் விளக்குகளுக்கு அடியில் எல்லாக் காரும் அழகாகத்தான் இருக்கும். கீறல், பேனல்களுக்கு நடுவில் இடைவெளி, நிற வித்தியாசம் இவற்றைப் பார்த்துவிட்டு ஓடிய கிலோமீட்டரைப் படம் எடுங்கள்.

அப்புறம் டயர் பக்கத்தில் குனியுங்கள். பக்கவாட்டில் எழுத்துகளும் எண்களுமாக ஒரு வரிசை இருக்கும், அதன் முடிவில் நான்கு இலக்கம். 3224 என்று இருந்தால் 2024ஆம் வருடம் 32ஆவது வாரம் தயாரான டயர். சில டயர்களில் அந்த நான்கு இலக்கம் உள்பக்கமாக இருக்கும், கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். காருக்கு ஒரு தேதியும் டயருக்குப் பல மாதம் முந்தைய தேதியும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நாலு டயரில் ஒன்று மட்டும் வேறு தேதி என்றாலும் கேளுங்கள்.

சேசிஸ் நம்பர் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வராது, ஒன்றோடும் சைபரோடும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. பல கம்பெனிகள் 10ஆவது எழுத்தில் மாடல் வருடத்தைக் குறிக்கின்றன. தயாரித்த மாதமும் வருடமும் உள்ள தகடோ ஸ்டிக்கரோ பெரும்பாலும் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, காரில் பொறித்திருக்கும் 17ஐயும் ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிடுங்கள், கூட ஒருவர் வாய்விட்டு வாசித்தால் சுலபம். எல்லாம் ஒத்துப்போய், இன்வாய்ஸின் அடியில் இருக்கும் மொத்தமும் உங்கள் கைப்பேசியில் இருக்கும் கொட்டேஷனின் மொத்தமும் ஒன்றாக இருந்தால் பேனாவை எடுங்கள்.